ஒரே கூலி, ரெண்டு தெரு: கீழத்தஞ்சைக் கூலிக்காரரிடம் கட்சிகள் எப்படி ஓட்டுக் கேட்கின்றன?

வாசகர் கேள்வி, 17 மார்ச் 2024

காவிரி டெல்டாவில் நிலமில்லாதவர்தான் அதிகம். எல்லாரும் ஒரே வயலில் இறங்குகிறார்கள், ஒரே கூலி வாங்குகிறார்கள். அப்புறம் ஏன் ஒரே பக்கம் நிற்பதில்லை? எந்தப் பெரிய கட்சியும் ஏன் அவர்களைக் கூலிக்காரர் என்று அழைத்து ஓட்டுக் கேட்பதில்லை? சாதிதான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம்.

17 மார்ச், இரவு 10.40

ஒரே சொல்லில் முடிக்க மாட்டேன். கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீழத்தஞ்சையில், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. நடுவில் வாய்க்கால். வடகரையில் எங்கள் தெரு, தென்கரையில் பட்டியல் சாதியினர் வாழும் தெற்குத் தெரு. எங்கள் சாதிப் பெயரை எழுதவில்லை, எழுதினால் பேச்சு அதைச் சுற்றியே போய்விடும். பட்டியல் சாதி இல்லை, நிலமும் இல்லை. அப்பா மூட்டை தூக்கினார். அம்மா நடவுக்கும் களைக்கும் போனார். அம்மாவின் நடவுக் கொத்தில், அதாவது சேர்ந்து நடும் குழுவில், பாதிப்பேர் தெற்குத் தெருப் பெண்கள்.

2011 சட்டமன்றத் தேர்தலில் நான் ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்ட். பிரச்சாரத்துக்கு வந்த பொறுப்பாளருக்கு மைக் செட் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் முன்னால் நின்று பேசினார். "நம்ம ஆளுவ ஒண்ணா நிக்கணும், நம்ம மானத்தை விட்டுக் கொடுக்கக் கூடாது" என்றார். பத்து நிமிடம். அப்புறம் பாலம் தாண்டினோம். தெற்குத் தெருவில் தொகுப்பு வீடு, சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு. அங்கேயும் பத்து நிமிடம். பாலத்தில் நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "அங்க ஒரு மாதிரி பேசணும், இங்க ஒரு மாதிரி பேசணும் தம்பி. கலந்துட்டா ரெண்டும் போயிடும்."

முதல் கூட்டத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். ரெண்டாவது கூட்டத்தில் அம்மாவோடு வேலை செய்யும் தெற்குத் தெருப் பெரியம்மா. அன்று காலை ரெண்டு பேரும் ஒரே வயலில் உளுந்து பிடுங்கிவிட்டு வந்தவர்கள். கூலி எவ்வளவு, எத்தனை நாள் பாக்கி என்று ரெண்டு கூட்டத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

18 மார்ச், காலை

கேள்வியில் ஒரு திருத்தம். "ஒரே கூலி" இல்லை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. சம ஊதியச் சட்டம் வந்தது 1976ல். எங்கள் வயல்களில் அது இன்னும் இறங்கவில்லை. வடகரைப் பெண்ணுக்கும் தென்கரைப் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது மட்டும் உண்மை.

18 மார்ச், இரவு

"கம்யூனிஸ்டுகள் அழைத்தார்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அழைத்தார்கள். அதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

1943 வாக்கில் பி.சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்தார். தென் கன்னடத்துப் பிராமணர், தாய்மொழி கன்னடம். பண்ணையாட்களின் குடிசையில் தங்கி, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு சங்கம் கட்டினார். அப்போது தண்டனை சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும். அடித்தால் திருப்பி அடி என்ற பேச்சு ஊர் ஊராகப் போனது அந்தக் காலத்தில்தான். சவுக்கடி, சாணிப்பால் ரெண்டும் சாதிக்கு விழுந்த தண்டனை. படியளப்பு (கூலியாக அளந்த நெல்) வர்க்கத்துக்கு விழுந்த குறை. சங்கம் ரெண்டையும் ஒரே கோரிக்கைத் தாளில் எழுதியது. அதற்கப்புறம் அப்படி ஒரு தாளை யாரும் எழுதவில்லை என்பது என் வருத்தம்.

1952 தேர்தலில் தஞ்சை மாவட்டத்தில் செங்கொடி ஜெயித்த இடங்களைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வருடமே ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பயம் இருந்த வரைக்கும் சட்டம் வந்தது.

அப்புறம் கீழத்தஞ்சையிலேயே உள்ள வெண்மணி. 1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக, கொடியை இறக்க மறுத்ததற்காக, ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள் 42 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். எல்லாரும் தலித்துகள்.

20 மார்ச்

42 என்று எழுதியது தவறு. அன்றைய செய்திகளில் வந்த எண் அது, சின்ன வயதில் கேட்டது மனதில் தங்கிவிட்டது. வெண்மணி நினைவிடத்தில் உள்ள பெயர்கள் 44. மன்னிக்க வேண்டும். இந்த எண்ணில் பிசகக் கூடாது.

20 மார்ச், இரவு

வெண்மணிக்குப் பிறகு கூலிப் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம், அதன் பேரில் 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். 1971ல், குடிசை மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம். அதற்கு முன்பு குடிசை நின்ற மனையே மிராசுதாருடையது. மனையைக் காட்டி மிரட்டினால் ஓட்டு மட்டுமல்ல, ஓட்டுப் போடாமல் வீட்டில் இருப்பதுகூட அவர் சொன்னபடிதான். குடியிருப்புச் சட்டத்தைப் பற்றி எந்த மேடையிலும் பேசக் கேட்டதில்லை. ரகசிய ஓட்டு எங்கள் பக்கம் உண்மையில் ரகசியமானது அதற்கப்புறம்தான் என்று தெற்குத் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. 1969 சட்டத்தில் வந்த கூலி எங்கள் தெருவுக்கும் வந்தது. பிறகு ஒவ்வொரு முறை சங்கம் வேலையை நிறுத்திக் கூலி ஏற்றியபோதும் எங்கள் அம்மாவுக்கும் அதே நாளில் கூலி ஏறியது. வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர்கள் தெற்குத் தெருக்காரர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவர்கள் அவர்கள். எங்கள் தெருவில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வைத்திருந்த பெயர் சேரிக் கட்சி. கூலி வாங்கிக்கொண்டோம், கொடியைத் தொடவில்லை.

இதை இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன்.

23 மார்ச்

"உங்கள் தெரு ஏன் சேரவில்லை" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நேரடியாகப் பதில்.

டீக்கடை பெஞ்சு. எங்கள் அப்பா அன்றாடம் மூட்டை தூக்கியவர், முதுகில் காய்ப்பு. ஆனால் கடையில் பெஞ்சில் உட்காருவார், எல்லாருக்கும் உள்ள டம்ளரில் குடிப்பார். அவரோடு அதே மூட்டையைத் தூக்கிய தெற்குத் தெருக்காரர் வெளியே நின்று கொட்டாங்கச்சியில் குடித்தார். பிறகு அது தனி டம்ளர் ஆனது, பிறகு பிளாஸ்டிக் கப் ஆனது. அப்பாவுக்குக் கிடைத்த சொத்து அந்தப் பெஞ்சு ஒன்றுதான். சங்கத்தில் சேர்ந்தால் பெஞ்சைப் பகிர வேண்டும். மிராசுதாருக்கு அந்தப் பெஞ்சால் ஒரு காசு செலவில்லை, அதனால் மிச்சமான கூலியோ ஏராளம்.

நானும் அந்தப் பெரியம்மாவைப் பத்து வயதில் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வா, போ என்றேன். என் அம்மா வயது அவருக்கு. யாரும் என்னைத் திட்டவில்லை.

24 மார்ச்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர், அங்கே வெள்ளைத் தொழிலாளிக்கும் இதுதான் நடந்தது என்கிறார். கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ் 1935ல் எழுதியதை அனுப்பினார்: தெற்கு மாநிலங்களில் வெள்ளைத் தொழிலாளிக்குக் குறைந்த சம்பளத்தோடு, பொது இடத்தில் கிடைத்த மரியாதையும் ஒரு கூலியாகச் சேர்ந்தது, அதனால் கறுப்புத் தொழிலாளியோடு அவர் சேரவில்லை. வாசித்ததும் எனக்குப் பெஞ்சு ஞாபகம் வந்தது.

1968ஐ மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் 4 அன்று மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அவர் அந்த ஊருக்குப் போனது குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காக. நவம்பர் அதிபர் தேர்தலில் நிறப் பிரிவினையைக் கட்டிக்காத்த ஜார்ஜ் வாலஸ் மூன்றாவது அணியாக நின்று, வெள்ளைத் தொழிலாளிகளிடம் ஓட்டுக் கேட்டு ஐந்து தெற்கு மாநிலங்களை ஜெயித்தார். டிசம்பரில் வெண்மணி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. ஆனால் கூலியைக் கேட்டவனை நிறமாகவும் சாதியாகவும் மட்டும் பார்த்த பார்வை ஒன்றுதான்.

இதற்கு மேல் அமெரிக்காவைப் பற்றி நான் பேசக் கூடாது. போனதில்லை.

29 மார்ச்

"திராவிடக் கட்சிகள் ஏழை என்று அழைத்தனவே, அதில் ரெண்டு தெருவும் அடக்கம்தானே?" நல்ல கேள்வி. ரெண்டு நாள் யோசித்தேன்.

தொடக்கத்தில் கூலியையும், விளைச்சலில் பங்கான வாரத்தையும் பேசினார்கள். 1957ல் குளித்தலையில் ஜெயித்த கருணாநிதி சட்டசபையில் பேசிய முதல் பேச்சே நங்கவரம் விவசாயிகள் பிரச்சினை. ஆட்சிக்கு வந்த பிறகு கூலிக்காரர் என்ற ஆள் மறைந்து பயனாளி என்ற ஆள் வந்தார். சத்துணவு 1982, இலவச டிவி 2006, ஒரு ரூபாய் அரிசி 2008, 2011லிருந்து அரிசிக்குக் காசே இல்லை. இதெல்லாம் ஓட்டுக்குக் கொடுத்த விலை, கூலிக்காரரின் வாயை அடைக்க வந்தது என்று இங்கே எழுதத்தான் உட்கார்ந்தேன்.

30 மார்ச்

நேற்று எழுத உட்கார்ந்ததை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொண்டார். "ரேஷன் அரிசி வந்த பொறவுதான்டா, அந்தக் கூலிக்கு வர முடியாதுன்னு சொல்ல எங்களுக்கு வாய் வந்துச்சு. வீட்டுல அரிசி இல்லாதவ எதைச் சொல்லுவா?"

அம்மா சொன்னதுதான் சரி. ரேஷன் கடையில் ஒரே வரிசை. தெருவுக்கொரு கடை இல்லை. நூறு நாள் வேலையும் அப்படித்தான். 2006ல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்த ஆறு மாவட்டங்களில் நாகையும் ஒன்று. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்க்கும் வருமானம், நில அளவுதான் கணக்கு.

பிரிப்பது வேறு வகை உதவி. பயிர்க்கடன் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு ரெண்டு மாதம் முன்பு, கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். 2006ல் தி.மு.க. அரசும் செய்தது. வேண்டும் என்றே சொல்கிறேன், குறுவை போனால் சின்ன விவசாயி எழுந்திருக்க முடியாது. ஆனால் கடன் கிடைக்கச் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள் வேண்டும். 2019 தேர்தலுக்கு முன்பு வந்த பி.எம். கிசான், வருடம் 6,000 ரூபாய், அதுவும் நிலம் பெயரில் உள்ளவருக்கு. அதே வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்தவர் கணக்கில் இல்லை. மேடையில் "விவசாயி" என்று சொல்லும்போது மனதில் இருப்பது பட்டா.

கஜா புயல், 2018 நவம்பர். விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று கணக்குப் போட்டார்கள். அந்தத் தோப்பில் தேங்காய் பறித்தவருக்கும் மட்டை உரித்தவருக்கும் எந்த வரியில் கணக்கு? நிவாரணப் பொருளும் தெரு பார்த்துத்தான் லாரியிலிருந்து இறங்கியது. வடகரையில் மூன்றாம் நாள் தார்ப்பாய் வந்தது. தென்கரைக்கு வந்தபோது ஆறாம் நாள்.

2 ஏப்ரல்

தனித் தொகுதி பற்றி. எங்களுக்குச் சட்டமன்றமும் தனி, நாடாளுமன்றமும் தனி. திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், நாகப்பட்டினம் எம்.பி. தொகுதி எல்லாம் பட்டியல் சாதியினருக்கானவை. 2011 கணக்கெடுப்பில் திருவாரூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 34 விழுக்காடு. இந்த ஒதுக்கீடு இல்லையென்றால் அவர்களில் ஒருவரைக்கூடப் பெரிய கட்சிகள் நிறுத்தியிருக்காது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் வேட்பாளர் தலித், அவரை நிறுத்தும் பொறுப்பாளர் யார்? நான் பார்த்த தேர்தல்களில் எங்கள் தெருவுக்குள் வேட்பாளர் நடந்து வந்ததில்லை. வேனில் நின்று கும்பிட்டுப் போவார். இறங்கி, திண்ணையில் உட்கார்ந்து, காபி குடித்து ஓட்டுக் கேட்பவர் பொறுப்பாளர், எங்கள் சாதி அல்லது அதற்குப் பக்கத்துச் சாதி. "அவரு நம்ம சொல்றதைக் கேக்குற ஆளுதான்" என்று வேட்பாளரைப் பற்றி உத்தரவாதம் தருவார். ஒரு மனிதருக்கு ஓட்டு வாங்க அவரையே சின்னதாக்குவது. அந்த வார்த்தையை 2011ல் நானும் வாசல் வாசலாகச் சொல்லியிருக்கிறேன்.

3 ஏப்ரல்

"அப்படியானால் சாதிக் கட்சிகளே கூடாதா" என்று கேட்டவருக்கு: நான் அதைச் சொல்லவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே விடுதலைச் சிறுத்தைகள் வளர்ந்தது, கூலி பேசிய கட்சிகள் டம்ளரைப் பேசத் தயங்கிய இடத்தில். அம்பேத்கர் 1936ல் முதலில் தொடங்கியது சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1942ல்தான் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு. தொழிலாளி என்ற பெயரில் முதலில் கதவைத் தட்டியது அவர்தான், திறக்காதவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் உள்ள சாதிச் சங்கத்தை இதோடு சேர்த்துப் பேசாதீர்கள். அது கூலிக்காக ஒரு நாளும் கூடியதில்லை.

9 ஏப்ரல்

வடக்கிலிருந்து வரும் நடவு ஆட்களைப் பற்றிக் கோபமாக எழுதியவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம், ஆணும் நடுகிறார். அம்மாவின் கொத்து கலைந்ததற்கு அவர்களும் ஒரு காரணம், நடவு மிஷினும் அறுவடை மிஷினும் அதைவிடப் பெரிய காரணம். "வடக்கனை விரட்டணும்" என்ற பேச்சில் வடகரையும் தென்கரையும் ஒன்றாகச் சேர்கின்றன. எத்தனையோ வருடம் சேராதவர்கள் சேர்ந்தது இதில்தான் என்பது என்னைத் தூங்க விடவில்லை.

அவர்களுக்கு இங்கே ஓட்டில்லை. அதனால் அவர்கள் தங்கும் கொட்டகைக்கு எந்தக் கட்சியும் போவதில்லை. 2023 மார்ச்சில், வடக்குத் தொழிலாளரை இங்கே தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார், ஜார்க்கண்டிலிருந்து குழு வந்து பார்த்துவிட்டுப் போன நாட்களில் எங்கள் ஊர்க் கொட்டகையில் பதினோரு பேர் இருந்தார்கள். ரெண்டு நாள் வெளியே வரவில்லை. சோறு கொண்டுபோய்க் கொடுத்தது தெற்குத் தெரு.

வெண்மணியிலும் அறுப்புக்கு வெளியாட்களைத்தான் இறக்கினார்கள். அவர்களும் வயிற்றுக்கு வந்தவர்கள்தான். இறக்கியது யார் என்பதை விட்டுவிட்டு இறங்கியவரைப் பார்த்தால் ஐம்பத்தைந்து வருடமாக அதே இடத்தில்தான் நிற்போம்.

20 ஏப்ரல்

நேற்று ஓட்டுப்பதிவு. பூத் பள்ளிக்கூடத்தில். வரிசையில் தெரு கலந்து நிற்கிறது, வெளியே கட்சிக் கொட்டகையில் ஓட்டர் பட்டியல் தெருவாரியாகக் கிழித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டுக்குக் கொடுக்கும் பணம் பற்றிக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்: அந்தப் பட்டியலும் தெருவாரி.

அப்பா இருந்தபோது நெல் கொள்முதல் நிலையத்திலும் இதே கதை. ஆட்சி மாறினால் மூட்டை தூக்குகிறவர்களின் பட்டியல் மாறும். எங்கள் தெரு ஆள் ஒரு தொழிற்சங்கம், தெற்குத் தெரு ஆள் இன்னொன்று. மூட்டை எடை 40 கிலோ, அதில் மாற்றமில்லை.

5 ஜூன்

நாகப்பட்டினத்தில் இந்திய கம்யூனிஸ்ட் ஜெயித்திருக்கிறது. 2019லும் அவர்கள்தான். கதிர் அரிவாளுக்கு எங்கள் தெருவிலும் ஓட்டு விழுந்தது. இருபது வருடம் முன்பு நடக்காதது. சந்தோஷப்பட்டேன், அப்புறம் பொறுப்பாளர் எப்படிக் கேட்டார் என்று தெருவில் விசாரித்தேன். "கூட்டணிச் சின்னம், நம்ம தலைவர் சொல்லிருக்காரு" என்று கேட்டாராம். அரிவாள் பிடித்த கையைப் பற்றிப் பேசவில்லையாம். சின்னம் பாலத்தைத் தாண்டிவிட்டது.

16 ஜூன்

மேட்டூர் அணை வழக்கமான 12ஆம் தேதி திறக்கவில்லை. போன வருடம் திறந்தும் குறுவை காய்ந்தது, இந்த வருடம் திறக்கவே இல்லை. நடவு இல்லை, எல்லாரும் நூறு நாள் வேலையை நம்பி இருக்கிறார்கள். கூலி 319 ரூபாய் என்று ஏப்ரலில் ஏற்றினார்கள். எங்கள் ஊரில் ஏழு வாரம் வரவில்லை.

வாய்க்கால் கரையில் வேலை. ரெண்டு தெருவுக்கும் ஒரே வருகைப் பதிவேடு. சாப்பாட்டு நேரத்தில் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், தூக்குச்சட்டியைத் தனித்தனியாகத் திறந்துகொண்டு. மனு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எழுதினேன். கட்சிக்காரர் யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொன்னது பெரியம்மா: "வந்தா மொதல்ல எந்தத் தெருன்னு கேப்பாங்க."

யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று கொஞ்சம் நேரம் பேச்சு நின்றது. எங்கள் தெருப் பெண்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தாளை வாங்கிப் பெரியம்மாவிடம் நீட்டினார். "நீ போடுடி. சங்கத்துல மனு கொடுத்துப் பழக்கப்பட்டவ நீதானே." பெரியம்மா எழுத்துக் கூட்டிப் பெயர் எழுதினார். அதற்குக் கீழே அம்மா கைநாட்டு வைத்தார். மொத்தம் 63 பேர். நாளைக்குக் கொண்டுபோகிறோம்.